நிலம் இல்லாத வீட்டுல இருந்து எஃப்எஃப்ஏ: எங்க பொண்ணு கூட சேந்து நான் கத்துக்கிட்டது

ஹூஸ்டன் பக்கம் நம்ம ஆளுங்க வீட்டுல பிள்ளை 8ஆம் கிளாஸ் முடிக்கப் போகுதுன்னா பேச்சு பூரா எந்த ஏபி கோர்ஸ், ரோபோட்டிக்ஸா டிபேட்டா, பேண்டா டென்னிஸான்னு தான் போகும். எங்க பொண்ணு அதெல்லாம் விட்டுட்டு அக்ரிகல்ச்சர் கிளாஸ் எடுத்து எஃப்எஃப்ஏ-ல (ஸ்கூல்ல விவசாயம் படிக்கற பிள்ளைங்களோட தேசிய அமைப்பு) சேரணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இப்ப அவளுக்கு அதுல ரெண்டாவது வருஷம். அது என்ன மாடு மேய்க்கற கிளப்பா, காலேஜுக்கு உதவுமா, நிலம் இல்லாம எப்படிங்கன்னு நெறைய பேர் போன் பண்ணி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் தாராபுரம் பக்கம் விவசாயக் குடும்பத்துல பொறந்தவன், ஆனா காலேஜ் போனதோட ஊர் வேலைல இருந்து விலகியாச்சு, இங்க எங்களுக்குன்னு இருக்கற நிலம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற புல்லுத் தரை மட்டும் தான்.

மொதல்ல இத புரிஞ்சுக்கங்க, எஃப்எஃப்ஏ-ங்கறது சாயங்காலம் போய்ட்டு வர்ற கிளப் இல்ல. ஸ்கூல்ல அக்ரிகல்ச்சர் பாடம் எடுத்தா தான் அதுல மெம்பர் ஆக முடியும். மூணு வட்டம் ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரு படம் போட்டுக் காட்டுவாங்க: ஒண்ணு கிளாஸ்ரூம், ரெண்டாவது எஸ்ஏஇ-ன்னு சொல்ற பிள்ளையோட சொந்த ப்ராஜெக்ட், மூணாவது தான் எஃப்எஃப்ஏ, அதாவது போட்டி, மீட்டிங், தலைமைப் பயிற்சி எல்லாம். இதுல எஸ்ஏஇ-ய ஒழுங்கா பிடிச்சுக்கிட்டா மத்த ரெண்டும் தானா வந்து சேரும், ரெண்டு வருஷம் பாத்ததுல நான் உறுதியா சொல்றது இது தான். அப்புறம் 4-ஹெச்-னு இன்னொண்ணு இருக்கு, அது வேற, யூனிவர்சிட்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் மூலமா நடக்கறது, அதுக்கு அக்ரி கிளாஸ் எடுத்திருக்கணும்னு இல்ல, சின்னப் பிள்ளைங்களும் சேரலாம். ரெண்டுலயும் இருக்கற பிள்ளைங்க நெறைய உண்டு.

வரலாறு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா எஃப்எஃப்ஏ-ல டிகிரின்னு படிப்படியா குடுப்பாங்க, மொத டிகிரிக்கே அத கேப்பாங்க. 1917ல ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்து ஸ்கூல்ல விவசாயத் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் குடுத்துச்சு. அதுல வந்த அக்ரி டீச்சர்கள் வர்ஜீனியால பசங்களுக்குன்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க, ஹென்றி க்ரோஸ்க்ளோஸ்ங்கறவரு அதுல முக்கியமானவரு. அதப் பாத்து 1928ல மிசௌரி மாநிலம் கான்சஸ் சிட்டில 18 மாநிலத்துல இருந்து வந்த 33 பேர் கூடி தேசிய அமைப்பா ஆக்கினாங்க, அப்ப அதோட பேர் ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா. 1988ல நேஷனல் எஃப்எஃப்ஏ ஆர்கனைசேஷன்னு மாத்திட்டாங்க, விவசாயி ஆகப் போறவங்க மட்டும் இல்ல, வெட்னரி, உணவு அறிவியல், மெஷின், பிசினஸ்னு போற பிள்ளைங்களும் வரணும்ங்கறதுக்காக. இன்னிக்கு 10 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, அதுல டெக்சஸ் தான் பெரிய மாநிலம்.

இதுல ஒரு பகுதிய நானும் பொண்ணும் சேந்து உக்காந்து படிச்சோம், அத இங்க எழுதாம விட எனக்கு மனசு வரல. தெற்கு மாநிலங்கள்ல அப்ப கருப்பினப் பிள்ளைங்களுக்குத் தனி ஸ்கூல், அதனால எஃப்எஃப்ஏ-ல அவங்களுக்கு எடம் இல்ல. அவங்க தங்களுக்குன்னு நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு ஒரு அமைப்ப கட்டினாங்க, 1927ல வர்ஜீனியால ஆரம்பிச்சு 1935ல அலபாமா டஸ்கீகில தேசிய அமைப்பா ஆச்சு. 1965ல ரெண்டும் ஒண்ணாச்சு, ஆனா ஒண்ணானப்போ எஃப்எஃப்ஏ பேர், எஃப்எஃப்ஏ நீல ஜாக்கெட் தான் நின்னுச்சு, அவங்களோட கருப்பு-தங்கக் கலர், அவங்க சின்னம் எல்லாம் போயிடுச்சு. பொண்ணுங்கள தேசிய அளவுல மெம்பரா ஏத்துக்கிட்டதே 1969ல தான். 1994ல கோரி ஃப்ளோர்னாய்னு சிகாகோ பையன் தேசியத் தலைவர் ஆனாரு, அந்தப் பதவிக்கு வந்த மொத கருப்பினத்தவர், அதுவும் நகரத்துப் பையன். எங்க பொண்ணு மாதிரி பட்டணத்து ஸ்கூல்ல இருந்து போற பிள்ளைங்களுக்கு இந்தக் கத கட்டாயம் தெரிஞ்சிருக்கணும், தங்களுக்கு முன்னாடி யாரெல்லாம் போராடி இந்தக் கதவத் தொறந்தாங்கன்னு தெரிஞ்சா தான் ஜாக்கெட்டப் போடறப்போ ஒரு மரியாதை வரும்.

ஜாக்கெட்னு சொன்னேன் இல்ல, அந்த நீல கார்டுராய் ஜாக்கெட் 1933ல வந்துச்சு, ஒஹையோ மாநிலத்துல ஃப்ரெடரிக்டவுன்ங்கற ஊர் பசங்க போட்டுட்டு வந்தத பாத்து தேசிய அளவுல எடுத்துக்கிட்டாங்க. பிள்ளை பேர் வலது பக்கம் எம்ப்ராய்டரி பண்ணி வரும், முதுகுல மாநிலம் பேரும் சாப்டர் (அந்த ஸ்கூலோட கிளை) பேரும். ஜிப்ப கழுத்து வரைக்கும் ஏத்தி தான் போடணும், உள்ள வெள்ள காலர் சட்டை, பொண்ணுங்களுக்கு நீல ஸ்கார்ஃப், பசங்களுக்கு டை, கருப்பு பேண்ட் இல்லன்னா ஸ்கர்ட், கருப்பு மூடின ஷூ. ஒருத்தர் பேர் போட்டத இன்னொருத்தர் போடக் கூடாது. ஆர்டர் பண்ணி பேர் தச்சு வர நாளாகும், அதனால செப்டம்பர்லயே சொல்லிடுங்க, நவம்பர்ல போட்டி வச்சுக்கிட்டு அலையாதீங்க. ஜாக்கெட் வாங்க வசதி இல்லாத பிள்ளைங்களுக்கு உதவித்தொகையும் இருக்கு, தயங்காம டீச்சர்கிட்ட கேளுங்க.

மொத வருஷப் பிள்ளைங்கள கிரீன்ஹேண்ட்னு சொல்றாங்க. டிகிரின்னு அஞ்சு படி இருக்கு, டிஸ்கவரி மிடில் ஸ்கூலுக்கு, அப்புறம் கிரீன்ஹேண்ட், சாப்டர், ஸ்டேட், கடைசில அமெரிக்கன். கிரீன்ஹேண்ட் வாங்க க்ரீடு தெரியணும், மோட்டோ தெரியணும், சின்னத்துல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லணும். வெட்டின மக்காச்சோளக் கதிரு, உதிக்கற சூரியன், ஏர், கழுகு, ஆந்தை, இது தான் சின்னம். மக்காச்சோளம் ஏன்னா எல்லா மாநிலத்துலயும் வெளையறதால ஒத்துமைக்கு, ஆந்தை அறிவுக்கு. மீட்டிங் நடக்கறப்போ ஒவ்வொரு ஆபீசரும் அந்தந்த சின்னத்துக்குக் கீழ தான் உக்காருவாங்க, தலைவர் சூரியன்கிட்ட, துணைத் தலைவர் ஏர்கிட்ட, செக்ரட்டரி கதிருகிட்ட, ட்ரெஷரர் ஜார்ஜ் வாஷிங்டன் படத்துகிட்ட (வாஷிங்டன் தன்னோட பண்ணைக் கணக்க ஒழுங்கா எழுதி வச்சவராம், அதனால), சென்டினல்னு ஒருத்தர் கதவுகிட்ட நின்னு வர்றவங்கள வரவேப்பாங்க. டீச்சருக்கு ஆந்தை.

க்ரீடுங்கறது அஞ்சு பத்தி உறுதிமொழி மாதிரி, விஸ்கான்சின்காரர் ஈ.எம். டிஃபனி எழுதினது, 1930ல ஏத்துக்கிட்டாங்க. கிரீன்ஹேண்ட் பிள்ளைங்களுக்கு அத மனப்பாடமா சொல்ற போட்டி உண்டு. நம்ம பிள்ளைங்க தமிழ்ப் பள்ளில திருக்குறள் போட்டிக்கு ஒப்பிச்சுப் பழகினவங்க, ஒப்பிக்கறது வந்துடும், ஆனா அதோட முடியல. ஒப்பிச்சதும் அஞ்சு நிமிஷம் ஜட்ஜ் கேள்வி கேப்பாங்க, அங்க தான் நெறைய பிள்ளைங்க நின்னுடறாங்க. நாங்க செஞ்சது என்னன்னா, கார்ல போறப்போ வர்றப்போ ஒரு பத்திய எடுத்து இதுக்கு உன் வாழ்க்கைல உதாரணம் சொல்லுன்னு கேப்போம். விவசாய வாழ்க்கைல சந்தோஷமும் உண்டு, சிரமமும் உண்டு, ரெண்டும் எனக்குத் தெரியும்னு சொல்ற எடம் ஒண்ணு அதுல வரும். ஜட்ஜ் அதப் பிடிச்சு நீ பாத்த சிரமம் எதுன்னு கேட்டாரு. அவ தாத்தா தோட்டத்தப் பத்தி சொன்னா, அமராவதி தண்ணி வராத வருஷம் தென்னை மரத்துக்கு லாரித் தண்ணி வாங்கி ஊத்தினத, அப்பவும் நுனி காஞ்ச மரத்த வெட்ட மனசு இல்லாம தாத்தா ஒரு வருஷம் விட்டு வச்சத. ஜட்ஜ் பேனாவக் கீழ வச்சுட்டு இன்னும் சொல்லுன்னாரு. பிள்ளைகிட்ட இருக்கற சொந்தக் கத எந்த நாட்டுத் தோட்டமா இருந்தாலும் செல்லும், மனப்பாடம் பண்ணின பதில் செல்லாது, இத நான் நேர்ல பாத்தேன்.

மீட்டிங் நடத்தற முறையும் அடிப்படைல சேத்தி. ராபர்ட்ஸ் ரூல்ஸ்னு ஒரு விதி இருக்கு, மோஷன் கொண்டு வர்றது, செகண்ட் பண்றது, திருத்தம் சொல்றது, ஓட்டு எடுக்கறதுன்னு. சுத்தியல் ஒரு தட்டு தட்டினா உக்காரணும், இல்லன்னா ஓட்டு முடிவு சொல்லியாச்சுன்னு அர்த்தம், ரெண்டு தட்டு மீட்டிங் ஆரம்பம், மூணு தட்டு எல்லாரும் எந்திரிக்கணும். பாக்க சின்ன விஷயம், ஆனா 15 வயசுப் பிள்ளை ஒருத்தர் பேசறப்போ குறுக்க பேசாம, தனக்குப் பிடிக்காத முடிவுக்கும் ஓட்டுன்னு வந்தா கட்டுப்பட்டு, அப்புறமும் அதே ஆளோட சேந்து வேலை செய்யக் கத்துக்குது. நம்ம சங்கங்கள்ல பெரியவங்களுக்கே இது இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு உண்மையாவே தோணுச்சு.

சரி, எஸ்ஏஇ-க்கு வர்றேன், இத கொஞ்சம் விரிவா சொல்லணும். சொந்தமா ஒண்ண வளத்து விக்கலாம், சம்பளத்துக்கோ சும்மாவோ ஒரு நர்சரிலயோ வெட் க்ளினிக்லயோ வேலை செய்யலாம், ஆராய்ச்சி பண்ணலாம், ஸ்கூல் க்ரீன்ஹவுஸ்ல கூட்டா தொழில் நடத்தலாம், ஊருக்கு சேவை பண்ற ப்ராஜெக்ட் பண்ணலாம். ஆடு மாடு தான்னு ஒண்ணும் இல்ல. சைவ வீட்டுக்காரங்க நெறைய பேர் இத தெரியாமலே வேண்டாம்னுடறாங்க, பூ அலங்காரம், தோட்டக்கலை, மண் பரிசோதனை, அக்ரிசயின்ஸ் ஃபேர்னு அவங்களுக்குன்னே எவ்வளவோ இருக்கு. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பையன் கறிவேப்பிலை நாத்து போட்டு விக்கலாம்னு கிளம்பினான், நல்ல யோசனை தான், இந்தியன் கடைல செடிக்கு இருக்கற கிராக்கி நமக்குத் தெரியும். ஆனா கறிவேப்பிலை எலுமிச்சை ஆரஞ்சு குடும்பத்துச் செடி. ஆசிய சிட்ரஸ் சில்லிட்ங்கற குட்டிப் பூச்சி அதுல தங்கும், அந்தப் பூச்சி தான் சிட்ரஸ் கிரீனிங் நோயப் பரப்பறது, அதனால செடிய எடம் மாத்தறதுக்கும் விக்கறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு. அவன் டீச்சர் சொல்லி டெக்சஸ் வேளாண் துறைல விசாரிச்சுட்டு, விக்கறத விட்டுட்டு அந்தப் பூச்சிய எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னே ஆராய்ச்சி ப்ராஜெக்டா மாத்திக்கிட்டான். உங்க பிள்ளை செடி விக்கப் போறதா இருந்தா வெதை வாங்கறதுக்கு முன்னாடியே இத விசாரிச்சுடுங்க.

எங்க பொண்ணு எடுத்தது ஆடு. போயர் ஜாதி, காயடிச்ச கிடா, ஸ்கூலோட அக்ரி பார்ன்ல ஒரு பட்டி குடுத்தாங்க. எல்லா ஸ்கூல்லயும் பார்ன் இருக்காது, இருந்தாலும் எடம் கம்மி, அதனால மொதல்லயே கேட்டு வைக்கணும். காலைல ஸ்கூலுக்கு முன்னாடி, சாயங்காலம் ஸ்கூல் விட்டு, லீவு நாள், தீபாவளி, தேங்க்ஸ்கிவிங் எதுவும் கணக்கில்ல, தண்ணி மாத்தணும், தீனி எடை போட்டு வைக்கணும், நடை பழக்கணும். பிள்ளைக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் கார் ஓட்டறது நம்ம வேலை, இத ரெண்டு பெத்தவங்களும் பேசி ஒத்துக்கிட்டு எறங்குங்க.

காயடிச்ச கிடாவுக்கு ஒரு ஆபத்து இருக்கு, அத யாரும் மொத நாள் சொல்றதில்ல. தானியத் தீனி அதிகமாகி கால்சியம் பாஸ்பரஸ் அளவு மாறிப்போனா மூத்திரப் பையில கல்லு விழுந்து வழி அடைச்சுக்கும். கால்சியம் ரெண்டு பங்குன்னா பாஸ்பரஸ் ஒரு பங்கு, அம்மோனியம் குளோரைடு சேத்த தீனியா பாத்து வாங்கணும், தண்ணி எப்பவும் சுத்தமா இருக்கணும். ஆடு காலை அகட்டி நின்னு முக்குதுன்னா மறு நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வெட்னரி டாக்டரக் கூப்பிடணும். அதே மாதிரி செம்மறித் தீனிய வெள்ளாட்டுக்குப் போடக் கூடாது, வெள்ளாட்டுக்குத் தாமிரம் வேணும், செம்மறிக்கு அந்த அளவு விஷம், அதனால ரெண்டு தீனியும் வேற வேற.

குடல் புழு இன்னொண்ணு. ஹூஸ்டன் ஈரத்துல இது ஜாஸ்தி, ரத்தம் குடிக்கற ஜாதிப் புழு. டீச்சர் சொல்லிக் குடுத்தது, ஆட்டோட கீழ் இமைய மெதுவா எறக்கி உள்சதையோட நிறத்தப் பாக்கறது. நல்ல செவப்பா இருந்தா சரி, ரோஸ் கலரா வெளுத்துட்டே போனா ரத்தம் கம்மி, வெள்ளையா இருந்தா அவசரம். அதுக்கு ஒரு கலர் அட்டையே இருக்கு, ஃபமாச்சான்னு பேர், தென்னாப்பிரிக்கால கண்டுபிடிச்சது. வாரா வாரம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊத்தறதுக்குப் பதிலா தேவைப்படற ஆட்டுக்கு மட்டும் குடுக்கலாம், இல்லன்னா புழு மருந்துக்குப் பழகிடும். பொண்ணு வீடியோ கால்ல தாத்தாவுக்கு இமைய எறக்கிக் காட்டினப்போ அவரு, "நாங்களும் இப்படித்தான் கண்ணு பாப்போம், வெளுத்த கண்ணு ஆடு சந்தைல வெல போகாது"ன்னாரு. அதுக்கப்புறம் வாரம் தவறாம ரெண்டு பேரும் ஆட்டப் பத்தி பேசிக்கறாங்க, அவளுக்குத் தமிழ் இவ்வளவு சரளமா வந்தது எந்தக் கிளாஸ்லயும் இல்ல.

எல்லாத்தயும் ரெகார்டு புக்ல ஏத்தணும், இப்ப ஆன்லைன்ல தான், ஏஈடி-ன்னு ஒரு வெப்சைட். 50 பவுண்டு தீனி மூட்டை என்ன வெல, எத்தன நாளைக்கு வந்துச்சு, வைக்கோல், மருந்து, எந்தத் தேதில எந்த ஊசி, எத்தன மணி நேரம் வேலை, எல்லாம். மருந்துக் கணக்கு ரொம்ப முக்கியம், ஒவ்வொரு மருந்துக்கும் குடுத்து எத்தன நாள் கழிச்சு தான் ஆட்டக் கறிக்கு விக்கலாம்னு கெடு இருக்கு, ஷோல (ஆடு மாடு கண்காட்சிப் போட்டி) பரிசோதனையும் பண்ணுவாங்க. ஸ்டேட் டிகிரி, ஸ்காலர்ஷிப் எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு தான் ஆதாரம். அன்னன்னைக்கு எழுதற பிள்ளைக்கு கால் மணி நேர வேலை, சேத்து வச்சு எழுதற பிள்ளைக்கு எதுவுமே நெனப்பு இருக்காது. எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஏத்தியாகணும்னு ஒரு ஒழுங்கு வச்சோம். ஆடு வாங்கின வெல, தீனி, ஷோ கட்டணம் எல்லாம் கூட்டி ஒரு நாள் பொண்ணு, "அப்பா, தீனி தான் பாதிக்கு மேல"ன்னு தானா கண்டுபிடிச்சு சொன்னா, அடுத்த தடவ எந்தக் கடைல எப்ப வாங்கறதுன்னு அவளே திட்டம் போட்டா.

டெக்சஸ்ல இன்னொரு விதி இருக்கு, ஏபி மாதிரி சில கோர்ஸ் தவிர மத்த எந்தப் பாடத்துலயாவது 70க்குக் கீழ போனா கொஞ்ச நாளைக்கு ஷோ, போட்டி எதுக்கும் போக முடியாது, 1984ல இருந்து சட்டமே அது தான். பெரிய ஷோவுக்கு ஆட்டுக்கு மாநில டேக் போட்டு வேலிடேஷன், அதாவது பதிவு, பண்ணணும், குவாலிட்டி கவுண்ட்ஸ்னு ஒரு ஆன்லைன் பயிற்சியும் முடிச்சிருக்கணும், ரெண்டுக்கும் கெடு உண்டு.

ஷோ ரிங்குக்குள்ள ஜட்ஜ் ஆட்டோட முதுகக் கையால அமுக்கிப் பாப்பாரு, அப்ப ஆடு பின்னால போகாம நம்ம கால்ல நெஞ்சக் குடுத்து தள்ளிட்டு நிக்கணும், சதை அப்பத்தான் இறுகித் தெரியும். இதுக்குப் பேர் பிரேசிங், மாசக்கணக்கா பழக்கினா தான் வரும். ஷோமேன்ஷிப்னு தனியா ஒரு போட்டி உண்டு, அதுல ஆட்டுக்கு மார்க் இல்ல, பிள்ளைக்குத் தான், கண்ணு ஜட்ஜ் மேலயே இருக்கணும், ஆட்டுக்கும் ஜட்ஜுக்கும் நடுவுல நிக்கக் கூடாது.

இப்ப கஷ்டமான விஷயம். மார்க்கெட் ஆடுன்னா ஏலம் முடிஞ்சு கறிக்குத் தான் போகும். இத ஆடு வாங்கறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட மறைக்காம சொல்லுங்க, அது முடியாதுன்னு சொன்னா வேற ப்ராஜெக்ட் எடுங்க, அதுல எந்தக் குறைச்சலும் இல்ல. எங்க பொண்ணுக்கு தெரியும், இருந்தாலும் ஏலத்தன்னிக்கு அழுதா, அழட்டும்னு நாங்களும் கூடவே இருந்தோம். அன்னிக்கு ராத்திரி தாத்தாகிட்ட பேசினா. அவரு சமாதானம்னு பெருசா ஒண்ணும் சொல்லல, "கன்னிவாடி சந்தைல கிடா வித்துத் தான் கண்ணு உங்கப்பன் காலேஜ் பீஸ் கட்டினேன், ஒவ்வொரு தடவயும் கயிற மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்து ஆணில மாட்டி வைப்பேன்"னாரு. எனக்கே அது அன்னிக்குத் தான் தெரியும். இந்த வருஷம் அவ மறுபடி ஆடு தான் எடுத்திருக்கா, அவளே வேணும்னு கேட்டு.

இப்ப சாப்டர் டிகிரிக்குத் தயாராயிட்டு இருக்கா. அதுக்கு 180 மணி நேரம் அக்ரி கிளாஸ் முடிச்சிருக்கணும், 10 மணி நேரம் சமூக சேவை, 150 டாலர் சம்பாதிச்சு முதலீடு பண்ணியிருக்கணும், இல்லன்னா கிளாஸுக்கு வெளிய 45 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும், அப்புறம் 15 நிமிஷம் ஒரு குழு விவாதத்த நடத்திக் காட்டணும். அவ எடுத்திருக்கற தலைப்பு புழு மருந்தக் கண்டபடி குடுக்கறதப் பத்தி.

உங்க பிள்ளைக்கு ஆசை இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னா பிப்ரவரில சான் அன்டோனியோ ஷோ, மார்ச்ல ஹூஸ்டன் ஷோ, ஏதாவது ஒண்ணுக்கு வார நாள்ல காலைலயே கூட்டிட்டுப் போங்க. கார்னிவல் பக்கம் போகாம நேரா ஆட்டுப் பட்டிக்குப் போனா நீல ஜாக்கெட் பிள்ளைங்க ஆட்டக் குளிப்பாட்டி முடி வெட்டிட்டு இருப்பாங்க. ரிங்குக்குள்ள போகப் போற பிள்ளைய விட்டுட்டு சும்மா உக்காந்திருக்கற பிள்ளைகிட்ட கேளுங்க, ஒரு மணி நேரம் கூட நின்னு சொல்லுவாங்க. போறப்போ பழைய ஷூ போட்டுட்டுப் போங்க.